விடியும் முன் மாறிய முறை

என் அம்மாவைத் தண்ணீர் திருடி ஆக்கியது நீங்கள்தான். பெரியப்பா அல்ல, ஊர் அல்ல, எங்கள் கெட்ட நேரமும் அல்ல. கம்பெனியில் மென்பொருளுக்குத் தலைவராக உட்கார்ந்திருந்த நீங்கள் ஒரு மதியம் சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு வந்து ஒரே ஒரு வரியை மாற்றினீர்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாக உட்காரவில்லை.

உங்கள் பெயரை நான் எழுதப் போவதில்லை. கம்பெனியின் பெயரையும் எழுதப் போவதில்லை. படித்தால் உங்களுக்கே தெரியும். தெரியாத மாதிரி இருக்கவும் உங்களுக்கு வரும், அதையும் பார்த்திருக்கிறேன்.

இதை நின்றுகொண்டு எழுதுகிறேன். போத்தனூரில் வாடகை வீடு. சமையல் மேடையில் லேப்டாப்பை வைத்திருக்கிறேன். நாலு வரி எழுதினால் வாசல் வரை போய் வருகிறேன். ஜங்ஷனில் வண்டி மாற்றும் சத்தம் கேட்டால் திரும்பவும் வாசலுக்குப் போகிறேன். எனக்கு ரயில் மேல் ஆசை ஒன்றும் இல்லை. கால் ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது, அவ்வளவுதான்.

முதலில் கிணற்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எங்கள் கிணற்றைப் பார்த்ததே இல்லை.

தொண்டாமுத்தூர் தாண்டி, மலையை ஒட்டி எங்கள் தோட்டம். கிணறு கூட்டுக் கிணறு. பங்கு மூன்று. அப்பாவின் அண்ணன் என் பெரியப்பா, அவருக்கு ஒரு பங்கு. அப்பாவின் தம்பி என் சித்தப்பா, அவருக்கு ஒன்று. நடுவில் இருந்த அப்பாவின் பங்கு, அவர் போன பிறகு அம்மாவுக்கு. முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். ஒரு நாள் பெரியப்பா, அடுத்த நாள் அம்மா, அதற்கடுத்த நாள் சித்தப்பா, திரும்பவும் பெரியப்பா. பெரியப்பாவுக்கு வாழை, சித்தப்பாவுக்குப் பாக்கு, அம்மாவுக்குக் கொஞ்சம் தென்னை, மீதி தக்காளி.

நாள் என்றால் எங்கள் ஊரில் விடியலில் தொடங்கி மறு விடியலில் முடிவது. வெள்ளிக்கிழமை முறை என்றால் வெள்ளிக்கிழமை ராத்திரியும் அதில் சேரும், கிழக்கு வெளுக்கும் வரை. நடுராத்திரியில் நாள் மாறும் என்று எங்கள் கிணற்றடியில் யாரும் சொன்னதில்லை. "நடுராத்திரியில மாறறது பாம்பு சட்டை மட்டுந்தான்" என்று பெரியப்பா சொல்வார். அந்த ராத்திரி லேசான விஷயமும் இல்லை. பகலில் கரண்டு வந்து வந்து போகும், வோல்டேஜ் இருக்காது. மோட்டார் இழுத்து ஓடுவது ராத்திரியில்தான். ஒரு முறையில் கிடைக்கும் தண்ணீரில் பெரும்பங்கு அந்த ராத்திரித் தண்ணீர்.

உங்கள் கம்பெனியின் மோட்டார் பெட்டி வருவதற்கு முன்னால் சண்டை எப்போதும் விடியலைப் பற்றித்தான் இருக்கும். எது விடியல்? கையைத் தூக்கிப் பார்த்தால் ரேகை தெரிய வேண்டும் என்பார் பெரியப்பா. காக்கா கத்தினால் போதும் என்பார் சித்தப்பா. அம்மா முறை முடிகிற அன்று சித்தப்பா மண்வெட்டியோடு சீக்கிரமே வந்து நிற்பார்.

"கெழக்கு வெளுத்துருச்சுங் அண்ணி."

"அது நெலா வெளிச்சமுங் தம்பி. போய் ஒரு தூக்கம் போட்டுட்டு வாங்க."

இப்படியே அப்பா காலத்தில் இருந்து ஓடிக்கொண்டிருந்தது. யாரும் யாரையும் திருடன் என்று சொன்னதில்லை. சீக்கிரம் வந்தான் என்பார்கள், பேராசைக்காரன் என்பார்கள், அடுத்த நாள் அதே ஆளுக்கு மோர் கொடுப்பார்கள்.

நான் உங்கள் கம்பெனியில் சேர்ந்த பிறகு, நம் பெட்டியை எங்கள் கிணற்றில் வைக்கலாம் என்று சொன்னது நான்தான். மோட்டாரைப் போனிலேயே ஓட்டலாம், நிறுத்தலாம். மூன்று தோட்டத்துக்கும் போகும் குழாயில் மூன்று வால்வு. யார் முறையோ அவர் வால்வை மட்டும் பெட்டி தானாகத் திறக்கும், மற்ற இரண்டையும் மூடும். கரண்டு வந்தால் மோட்டாரும் தானாக ஓடும். யாரும் மண்வெட்டியோடு இருட்டில் நிற்க வேண்டியதில்லை. பொருத்தும்போது ஆப்பில் கேட்டது இரண்டே கேள்விதான். பங்குதாரர் யார் யார், இன்று யார் முறை. நாள் எப்போது மாறும் என்று அது கேட்கவில்லை.

கேட்காமலேயே சரியாக மாறியது. காலை ஐந்தரைக்கு, கிழக்கு வெளுக்கிற நேரத்துக்கு, ஒரு வால்வு மூடும், அடுத்தது திறக்கும். பால் வண்டி கிளம்புகிற சத்தமும் வால்வு திரும்புகிற சத்தமும் ஒன்றாகக் கேட்கும் என்பாள் அம்மா. பெரியப்பாவுக்கு ஒரே பெருமை.

"அம்மணி, எந்தப் புண்ணியவான் இத எழுதுனது? பண்ணயத்துல பொறந்த ஆளாட்ட இருக்குதே."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதை எழுதியவர் நான் சேருவதற்கு முன்பே பெங்களூர் போய்விட்டார். அவரை நான் பார்த்ததில்லை. விவசாயி வீட்டுப் பிள்ளை, தெரிந்து செய்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் பெட்டிக்கு ஆயுத பூஜையன்று பொட்டு வைத்தார்கள். சித்தப்பாவும் காலையில் தூங்கப் பழகிவிட்டார்.

கம்பெனியில் என் வேலை தேதி. நீங்கள் கொடுத்த வேலைதான். வாடிக்கையாளர்கள் அனுப்பும் புகாரில் இருந்து தேதியையும் நேரத்தையும் கண்டுபிடித்துக் கம்ப்யூட்டருக்குப் புரியும் எண்ணாக மாற்ற வேண்டும். கம்ப்யூட்டர் வைத்திருக்கும் எண்ணை மனிதர்கள் படிக்கிற தேதியாகத் திருப்பி எழுத வேண்டும். உள்ளே போவது ஒன்று, வெளியே வருவது ஒன்று. கேட்பதற்குச் சின்ன வேலை. உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். ஒருத்தர் தேதியில் நாளை முதலில் எழுதுவார். அமெரிக்கா போய் வந்த அவர் மகன் மாதத்தை முதலில் எழுதுவான். ஒருத்தர் "ஆடி நோம்பிக்கு மறாநா" என்று எழுதுவார். ஒருத்தர் "போன அமாவாசை, பொழுதோட" என்பார். எல்லாவற்றுக்கும் நிரல் எழுதினேன். நோம்பி என்றால் பண்டிகை, மறாநா என்றால் மறுநாள், பொழுதோட என்றால் சாயங்காலம், வெடியால என்றால் காலை என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

அதில் ஒன்று மட்டும் உங்களுக்கு நினைவிருக்கும். "வெள்ளி ராத்திரி ரெண்டு மணிக்கு மோட்டர் நின்னுபோச்சு" என்று ஒரு புகார். கம்ப்யூட்டர் அதை வெள்ளிக்கிழமை பிறந்தவுடன் வரும் இரண்டு மணி என்று எடுத்துக்கொண்டது. அந்த நேரத்தில் அவர் மோட்டார் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது என்று பதில் போய்விட்டது. அவர் சொன்னது சனிக்கிழமை விடிவதற்கு முன்னால் உள்ள இரண்டு மணி. நான் உங்கள் மேஜைக்கு வந்து சொன்னேன்.

"சார், நம்ம ஆளுங்களுக்கு ராத்திரி பூராவும் முந்தின நாளோட சேர்ந்ததுங்க. விடியற வரைக்கும் தேதிய மாத்தக்கூடாதுங்க."

நீங்கள் சிரித்தீர்கள். "ஏங்க, கம்ப்யூட்டருக்கு நாட்டுப்புறப் பாடம் எடுக்கறீங்களா? ராத்திரி பன்னெண்டுன்னா நாள் மாறும். உலகம் பூரா அப்பிடித்தானுங்க."

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். என் பகுதியில் மட்டும் நான் சொன்னபடியே எழுதிக்கொண்டேன். நீங்கள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அதையும் உலகம் பூராவும் ஆக்கியிருப்பீர்கள்.

அப்புறம் அந்தப் பெரிய தோட்டக்காரரின் புகார் வந்தது. அவருக்குச் சொந்தக் கிணறு, பங்கு கிடையாது, கணக்குப் பார்க்க ஆபீஸ் உண்டு. ராத்திரி மோட்டார் ஓடியதற்கு நம் அறிக்கை முந்தின நாள் தேதி போடுகிறது, எங்கள் கணக்கோடு ஒத்துப்போகவில்லை என்று கேட்டார். கேட்டது நியாயம். அவருக்குக் காட்டுகிற இடத்தில் தேதியை மாற்றினால் முடிந்தது. அது வெளியே எழுதுகிற வேலை, என் வேலை. அன்று நான் லீவு. அப்பாவுக்குத் திதி கொடுக்கக் கொடுமுடிக்குப் போயிருந்தேன். ஆற்றில் முழுகி எழுந்து, ஈரத் துணியோடு அம்மாவும் நானும் இலை வாங்கிக்கொண்டிருந்தபோது, நீங்கள் சர்வரின் ஊரையே மாற்றிவிட்டீர்கள்.

சர்வருக்கு ஊரா என்று இதைப் படிக்கிறவர்கள் கேட்பார்கள். உண்டு. கம்ப்யூட்டர் உள்ளுக்குள் தேதியை வைத்துக்கொள்வதில்லை. என்றோ ஒரு தொடக்கத்தில் இருந்து இதுவரை எத்தனை விநாடி என்று ஒரு நீளமான எண்தான் அதன் வயிற்றில் இருக்கிறது. அதை நாளாகப் பிரிக்க வேண்டுமென்றால் எந்த ஊர் நடுராத்திரியில் வெட்டுவது என்று சொல்லியாக வேண்டும். ஊர் இல்லாமல் தேதி கிடையாது. யாரும் ஊர் சொல்லாவிட்டால் அது லண்டன் பக்கத்துக் கணக்கில் வெட்டும். அங்கே நடுராத்திரி என்றால் நமக்குக் காலை ஐந்தரை.

எங்கள் கிணற்றின் விடியல் அங்கே இருந்துதான் வந்தது. பண்ணயத்தில் பிறந்த புண்ணியவான் யாரும் அதை நினைத்து எழுதவில்லை. பெங்களூர் போனவர் ஊர் சொல்ல மறந்திருக்கிறார். அந்த மறதி ஐந்தரைக்கு விழுந்தது. ஐந்தரைக்கு எங்கள் கிழக்கு வெளுத்தது. இத்தனை வருஷம் மூன்று குடும்பமும் அந்த மறதியின் மேல்தான் சமாதானமாக இருந்திருக்கிறோம். நீங்கள் அதைத் திருத்தினீர்கள். இனி நாள் நம் ஊர் நடுராத்திரியில் மாறும். அறிக்கை சரியாகிவிட்டது. முறை மாறுவதும் அதே கணக்கில்தான் இருக்கிறது என்று நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. வாடிக்கையாளர் வாட்சப் குரூப்பில் ரோஜாப்பூப் படத்தோடு ஒரு செய்தி போட்டீர்கள்: "தேதி, நேரம் மிகத் துல்லியமாக மேம்படுத்தப்பட்டுள்ளது. நன்றி." அதற்கு எழுபது பேர் கும்பிடு போட்டிருப்பார்கள். என் பெரியப்பாவும் போட்டார்.

அடுத்து வந்த அம்மாவின் முறை நாளில், காலையில் அம்மா போன் செய்தாள்.

"கண்ணு, இன்னிக்குப் பொழுது கெளம்பறக்கு முன்னாடியே நம்ம வாய்க்கா நனஞ்சு கெடக்குது. தக்காளிக்குள்ள முட்டிக்கால் தண்ணி. ஆரு உட்டாங்கன்னு தெரியில."

"சித்தப்பாகிட்டக் கேளும்மா."

"கேட்டனே. எனக்குத் தெரியாதுங் அண்ணின்னு மலையப் பாத்துட்டுப் போறாரு."

சித்தப்பா மலையைப் பார்த்ததற்குக் காரணம் இருந்தது. அது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

நடந்தது என்னவென்றால், ஒவ்வொருத்தர் முறையிலும் நடுராத்திரிக்குப் பிறகு வருகிற தண்ணீர் அடுத்த முறைக்காரருக்குப் போய்விட்டது. பெரியப்பாவின் பின்னிரவுத் தண்ணீர் அம்மாவுக்கு. அம்மாவுடையது சித்தப்பாவுக்கு. சித்தப்பாவுடையது பெரியப்பாவின் வாழைக்கு. சுற்றிக் கூட்டினால் யாருக்கும் நஷ்டம் இல்லை, யாருக்கும் லாபம் இல்லை. ஆனால் தோட்டத்தில் யாரும் சுற்றிக் கூட்ட மாட்டார்கள். தன் தண்ணீர் அடுத்த காட்டில் நிற்பது கண்ணுக்குத் தெரியும். தானாக வந்து தன் காட்டில் நிற்கிற தண்ணீருக்கு யாரும் கூட்டம் போட மாட்டார்கள்.

பெரியப்பா கூட்டம் போட்டார். நான் அந்த ஞாயிற்றுக்கிழமை காந்திபுரம் போய் பஸ் மாறி, பாதி வழி நின்றுகொண்டே போய்ச் சேர்ந்தபோது, மூன்று பேரும் கிணற்றடியில் இருந்தார்கள். பெரியப்பா குழாய் மேல் உட்கார்ந்திருந்தார். சித்தப்பா பாக்கு மட்டையைக் கிழித்துக்கொண்டிருந்தார். அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"ஏனுங் அம்மணி, நேத்து ராத்திரி எம்பட மொறதானுங்களே?" என்று பெரியப்பா அம்மாவைக் கேட்டார். குரல் உயரவில்லை. எங்கள் பக்கம் கழுத்தை அறுக்கும்போதும் மரியாதை குறையாது.

"ஆமாங் மாமா."

"அப்பறம் எந்தண்ணி எப்பிடிங்க உங்க தக்காளிக் காட்டுல நிக்குது?"

"எனக்குத் தெரியிலீங். போன தடவையும் இப்பிடித்தான் கெடந்துது. நானே வந்து உங்ககிட்டச் சொல்லலாம்னு இருந்தனுங்."

"இருந்தீங்க. வந்து சொல்லுலீங்களே."

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பெரியப்பா மலையைக் கையால் காட்டினார்.

"மலையில இருந்து யானை எறங்கி வால்வத் திருப்பிப்போட்டுப் போயிருச்சுங்களா?"

சித்தப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யானை போன்ல ஆப்பு இருக்குதோ என்னமோங் அண்ணா."

"யானைக்கு எதுக்குடா ஆப்பு? ஊட்டுப் பொண்ணு அதே கம்பெனியிலதான வேல பாக்குது."

இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. மோட்டார் ரூம் சுவரைப் பார்த்துச் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லியிருந்தால் அங்கேயே நாலு வார்த்தை கேட்டு முடித்திருப்பேன். சுவரைப் பார்த்துச் சொன்ன பேச்சுக்குச் சுவர்தான் பதில் சொல்ல வேண்டும். நான் கிணற்றைச் சுற்றி நடக்க ஆரம்பித்தேன். "உக்காரு கண்ணு" என்றாள் அம்மா. என்னால் முடியவில்லை.

எங்கள் கிணற்று மேட்டில் ஏழு கல் நட்டு வைத்திருக்கிறோம். கன்னிமார். தண்ணீருக்கு அவர்கள்தான் காவல். பெரியப்பா அந்தக் கற்களைக் காட்டினார்.

"நான் பெருசா ஒண்ணுங் கேக்குலீங்க. கன்னிமாரு முன்னால கற்பூரத்தப் பத்த வெச்சு, நான் திருப்புலன்னு அணைச்சுப்போடுங்க. அத்தோட உட்டர்றேன்."

பொய் சொல்லிக் கற்பூரம் அணைத்தால் குடும்பம் விளங்காது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அம்மா பொய் சொல்லவில்லை. அணைத்திருக்கலாம். அவள் அணைக்கவில்லை.

"நான் எதுக்குங் அணைக்கோணும்? தண்ணியத் திருப்புனது பெட்டி. அதக் கழட்டிக் கொண்டாந்து கன்னிமாரு முன்னால வைங்க. அது அணைக்கட்டும்."

சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நீ ஏதாச்சும் பண்ணுனியா கண்ணு?"

பெரியப்பா சொன்னது எனக்குக் கோபம். அம்மா கேட்டது அப்படி இல்லை. அதற்கு என்ன பெயர் வைப்பது என்று இன்னும் தெரியவில்லை.

மறுநாள் ஆபீசுக்கு வந்து, முறை எங்கே கணக்காகிறது என்று தேடிப் போய், உங்கள் மாற்றத்தைப் பார்த்தேன். பார்த்தவுடன் புரிந்துவிட்டது. உங்களை டீக்கடைக்குக் கூப்பிட்டேன், உள்ளே வைத்துக் கேட்டால் எல்லோர் முன்னாலும் சிரிப்பீர்கள் என்று. நீங்கள் போண்டாவைப் பிய்த்துக்கொண்டே கேட்டீர்கள். கேட்டு முடித்து, "அட, ஆமாங்க" என்றீர்கள். அந்த இரண்டு வார்த்தையை நான் இன்றைக்கும் கேட்கிறேன். நீங்கள் ஒப்புக்கொண்டீர்கள். இல்லை என்று சொல்லாதீர்கள்.

"அப்ப குரூப்புல சொல்லீறலாமுங்களா சார்? அப்டேட்டுனால மொற மாறிப்போச்சு, யாரும் யாரையும் சந்தேகப்படாதீங்கன்னு."

"எதுக்குங்க அதெல்லாம்? டீலருங்க கூட்டம் வருது. இப்பப் போயி நாமளே நம்ம பெட்டி தப்புன்னு சொல்லுவாங்களா?"

"எங்கம்மாவத் திருடிங்கறாங்க சார்."

"ஃபீல் பண்ணாதீங்க. பத்து நிமிஷம். சரி பண்ணிப்போடறேன், பாருங்க."

பண்ணினீர்கள். நாள் தொடங்கும் நேரம் என்று தனியாக ஒன்று வைத்து, எல்லாக் கிணற்றுக்கும் ஐந்தரை போட்டீர்கள். அறிக்கை அப்படியே இருந்தது, முறை பழையபடி ஆயிற்று. இதை முதலிலேயே செய்திருக்கலாம். ரோஜாப்பூ இல்லை, செய்தி இல்லை. "முடிஞ்சுதுங்க. இனிப் பிரச்சன இல்ல" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனீர்கள்.

சார், பிரச்சினை அங்கேதான் தொடங்கியது.

அடுத்த முறையில் வால்வு விடியலில் சரியாகத் திரும்பியது. பெரியப்பா ரேகை பார்க்கிற வெளிச்சத்தில் நின்று பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுச் சித்தப்பாவிடம் சொன்னது ஊர் முழுக்கப் போனது.

"கேட்ட ஒடனே சரியாப் போச்சு பாத்தியா? பெட்டி தப்புன்னா அதுவா சரியாகுமா? பொண்ணு மாத்துனா. கேட்டதும் திருப்பி வெச்சுட்டா."

நீங்கள் சத்தமில்லாமல் செய்த திருத்தம் எங்களுக்கு எதிரான சாட்சி ஆகிவிட்டது. சொல்லிவிட்டுச் செய்திருந்தால் அது திருத்தம். சொல்லாமல் செய்தது, திருடிய பொருளை ராத்திரியோடு ராத்திரியாகத் திண்ணையில் வைத்துவிட்டுப் போன மாதிரி. வைத்துவிட்டுப் போனது யார்? நான்தான் என்றார்கள்.

பெரியப்பாவுக்குப் போன் செய்து விளக்கினேன். விநாடி, ஊர், லண்டன் என்று எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அம்மணி, நாங் கேக்கறது ஒண்ணுதான். லண்டன்ல பொழுது மாறுனா எந்தோட்டத்துல எதுக்குத் தண்ணி நிக்கோணும்?"

"அதத்தானுங் பெரியப்பா சொல்றேன். லண்டன் கணக்குல நின்னதுனாலதான் இத்தன வருசம் சரியா இருந்துது."

"சரியா இருந்தது தப்பு. தப்பாப் போனது சரி. அப்பிடியா அம்மணி?"

"ஆமாங்."

"நல்லா இருக்குது. போன வெச்சுப்போடு கண்ணு, பொழுதாச்சு."

அவரைக் குற்றம் சொல்ல முடியவில்லை. எனக்கே அப்படி யாராவது விளக்கினால் நம்ப மாட்டேன். அதோடு நான் மகள். மகள் வாய் இந்த விஷயத்தில் செல்லாது. உங்கள் ஆப்பில் அவர் காட்டில் சித்தப்பா தண்ணீர் ஓடியதை எடுத்துக் காட்டினேன். "அதுவும் உங்க கம்பெனி எழுதுனதுதான" என்றார். சித்தப்பாவிடம் போனேன். உங்கள் பாக்குக்கும் அம்மா தண்ணீர் வந்ததே, அதையாவது சொல்லக்கூடாதா என்று கேட்டேன்.

"வந்துதுங்க. இல்லீங்கல. நான் என்னத்தக் கண்டேன், மழையாட்ட இருக்குதுன்னு உட்டுட்டேன்."

"மழை வாய்க்கால்ல மட்டும் பெய்யுமாங் சித்தப்பா?"

"இப்ப அண்ணன்கிட்ட நான் அதச் சொன்னா, நீயும் திருடன்தான்னுவாரு. எனக்கு எதுக்குங் அம்மணி வம்பு?"

ஆக, தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தர் பாக்குத் தோப்பில் வாயை மூடிக்கொண்டிருக்கிறார். இன்னொருத்தர் நீங்கள்.

அதற்குப் பிறகு நடந்ததையும் எழுதிவிடுகிறேன். குரூப்பில் நானே எழுதினேன். அப்டேட் வந்த நாட்களில் கூட்டுக் கிணறுகளில் முறை நடுராத்திரியில் மாறியது, யாராவது சண்டை போட்டிருந்தால் பெட்டியால் வந்த சண்டை அது என்று எழுதினேன். நாலைந்து பேர் பார்த்திருப்பார்கள். நீங்கள் செய்தியை அழித்தீர்கள். என்னைக் குரூப்பில் இருந்து தூக்கினீர்கள். மதியம் என்னைக் கூப்பிட்டு, "கம்பெனியில இருந்துட்டே கஸ்டமராட்டப் பேசறீங்களே, நல்லாவா இருக்குதுங்க?" என்று கேட்டீர்கள். நான் கஸ்டமர்தான் என்றேன். காசு கொடுத்து வாங்கிய பெட்டி அது. அந்த மாதத்தோடு வேலையை விட்டேன். இப்போது சரவணம்பட்டியில் வேறு கம்பெனி, அங்கேயும் தேதிதான். எந்தத் தேதியைப் பார்த்தாலும் இது எந்த ஊர்த் தேதி என்று கேட்கிறேன். கூட வேலை செய்கிறவர்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நான் விலகுவதற்கு முன்னால் புகார்ப் பெட்டியில் ஒரு செய்தி பார்த்தேன். கொடுமுடிப் பக்கம் ஒருத்தர் எழுதியிருந்தார். "எங்க மச்சானோட பேச்சுவார்த்தை நின்னுபோச்சுங்க. மொற மாத்தி உட்டாருன்னு நான் கேட்டுப்போட்டேன். பெட்டி சரியாத்தான் ஓடுச்சுங்களா? சொன்னீங்கன்னா புண்ணியமாப் போகும்." அதற்கு நம் கம்பெனி அனுப்பிய பதில்: "தங்கள் கருவி நல்ல நிலையில் உள்ளது. நன்றி." பொய் இல்லை. அன்றைக்கு நல்ல நிலையில்தான் இருந்தது. அவர் கேட்டது அதை அல்ல. எங்கள் கிணறு ஒன்று மட்டும் என்று நீங்கள் நினைத்தால் இதைத் திரும்பவும் படியுங்கள். எத்தனை கூட்டுக் கிணறு உங்கள் பெட்டியில் ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். ஒவ்வொன்றிலும் அந்த நாட்களில் யாரோ ஒருத்தருக்குத் திருட்டுப் பட்டம் கிடைத்திருக்கும்.

இப்போது அம்மா. அம்மா அவள் வால்வைக் கையால் மூடிப் பூட்டுப் போட்டுவிட்டாள். அவள் முறை வரும், பெட்டி திறக்கச் சொல்லும், பூட்டு விடாது. அந்த ஒரு நாள் கிணறு சும்மா கிடக்கும். பெரியப்பாவும் தொடவில்லை, சித்தப்பாவும் தொடவில்லை. தொட்டால் அவர்கள் திருடர்கள் ஆகிவிடுவார்களே. நான் போய்க் கெஞ்சினேன்.

"பேரு வெளுக்கற வரைக்கும் எனக்கு அந்தத் தண்ணி வேண்டாங் கண்ணு."

"தக்காளி காயுதும்மா."

"காயட்டும். பச்சையா இருந்தா, பாரு, திருடுன தண்ணியில எப்பிடிச் செழிச்சிருக்குதுன்னுவாங்க."

தக்காளி போய்விட்டது. பறிக்க ஆள் கூப்பிடவில்லை. செடியிலேயே சுருங்கித் தொங்குகிறது. இனி தென்னை. அது உடனே காட்டாது. முதலில் குரும்பை உதிரும், அப்புறம் கீழ் மட்டை தொங்கும். குரும்பை உதிர ஆரம்பித்துவிட்டது. நான் போகும்போதெல்லாம் அம்மா அதைக் கூட்டி ஓரமாகத் தள்ளுகிறாள். பெரியப்பா வரப்பில் நின்று அதைப் பார்த்துவிட்டுப் போகிறார். அவர் முகத்திலும் நிம்மதி இல்லை. ஒரு வார்த்தை கிடைத்தால் அவரும் இறங்கி வருவார் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த வார்த்தை அம்மாவிடம் இல்லை. என்னிடம் இருக்கிறது, ஆனால் என்னுடையது செல்லாது. செல்லுகிற வார்த்தை உங்களிடம் இருக்கிறது.

எங்கள் தென்னைக்கு நஷ்டஈடு கேட்டு நான் இதை எழுதவில்லை. உங்களைக் கற்பூரம் அணைக்கச் சொல்லவும் இல்லை. மன்னிப்புகூட வேண்டாம், அதை வைத்து நாங்கள் என்ன செய்வது. அன்று டீக்கடையில் போண்டாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னதை மட்டும் திரும்பச் சொல்லுங்கள். முறையை மாற்றியது நாங்கள், எந்தத் தோட்டத்துக்காரரும் அல்ல என்று. ரோஜாப்பூப் படம் போட்ட அதே குரூப்பில், எல்லாக் கிணற்றுக்காரர்களும் பார்க்க எழுதுங்கள். எழுதிவிட்டு ஒரு நாள் பொழுது விடிகிற நேரத்துக்கு எங்கள் கிணற்று மேட்டுக்கு வாருங்கள். பஸ் இருக்கிறது. மூன்று பங்குக்காரர்களும் நிற்பார்கள், கன்னிமாரும் இருப்பார்கள். பெரியப்பா உங்களிடமும் மரியாதையாகத்தான் கேட்பார்.

"ஏனுங், எந்தண்ணியத் திருப்புனது ஆருங்க?"

அவருக்கு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, பதில் சொல்லுங்கள்.